எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ்: டிகிரி இல்லாம இங்கிலாந்து ஃபேமிலி கோர்ட் தலைமைக்கு வந்த ஜட்ஜ் - அடிக்கடி கேக்குற கேள்விகள்

யாருங்க இவங்க? சுருக்கமா சொல்லுங்க.

இங்கிலாந்து ஹைகோர்ட்ல ஃபேமிலி டிவிஷன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுக்கு 1999ல இருந்து 2005 வரைக்கும் பிரசிடென்டா இருந்தவங்க. அந்தப் பதவில உக்காந்த முதல் பொம்பள. அதுக்கு முன்னாடி 1988ல அப்பீல் கோர்ட்டுக்குப் போன முதல் பொம்பளயும் இவங்கதான். பொறந்தது 1933 ஆகஸ்ட் 10. இளவரசி டயானா சாவு விசாரணை நியூஸ்ல சிலர் பேர கேள்விப்பட்டிருப்பீங்க, 2014ல பதவி ஏத்து ஆறே நாள்ல விலகினாங்களே அவங்களான்னு சிலர் கேப்பாங்க. ஆமா, அவங்களேதான். ஆனா அந்த ரெண்டு விஷயத்த மட்டும் வெச்சு இவங்கள எடை போட்டா முப்பத்தஞ்சு வருஷ ஜட்ஜ் வேலைய விட்டுடுவோம், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

டிகிரியே இல்லாம ஜட்ஜ் ஆனாங்கன்றது நெஜமா?

நெஜம். யூனிவர்சிட்டி லா டிகிரி கெடையாது. ஸ்கூல் முடிச்சிட்டு சுவிட்சர்லாந்துல லோசான் யூனிவர்சிட்டில கொஞ்ச நாள் இருந்தாங்க, அப்புறம் நேரா லண்டன்ல இன்னர் டெம்பிள்ன்ற வக்கீல் சங்கத்துல சேந்து பார் எக்ஸாம் எழுதி 1955ல பாரிஸ்டர் ஆயிட்டாங்க, அப்போ வயசு 21. அந்தக் காலத்துல அது முடியும். டிகிரி இருந்தாதான் பார்ன்ற கட்டாயமெல்லாம் பிற்பாடு வந்தது.

இதவிட எனக்குப் பெருசா தெரியுறது வேற ஒண்ணு. இவங்க கியூ.சி.ன்ற சீனியர் வக்கீல் பட்டமும் வாங்கல. ஹைகோர்ட் ஜட்ஜ்னா அப்போல்லாம் கிட்டத்தட்ட எல்லாருமே சில்க் கவுன் போட்ட சீனியர் வக்கீலா இருந்து வந்தவங்க, இவங்க ரெஜிஸ்ட்ரார் சீட்ல இருந்து நேரா ஏறி வந்தவங்க. முன்வாசல்ல வரிசை நின்னுட்டு இருந்தப்ப இவங்க பக்கத்து வாசல் வழியா உள்ள வந்துட்டாங்கன்னு சொல்லலாம்.

குடும்பமே ஜட்ஜ் குடும்பமாச்சே, அப்புறம் என்ன பக்கத்து வாசல்?

நியாயமான கேள்விதான். அப்பா சர் செசில் ஹேவர்ஸ், ஹைகோர்ட் ஜட்ஜ். அண்ணன் மைக்கேல் ஹேவர்ஸ் 1979ல இருந்து 1987 வரைக்கும் மார்கரெட் தாட்சர் அரசாங்கத்துல அட்டர்னி ஜெனரல், அதாவது அரசாங்கத்தோட தலைமை சட்ட ஆலோசகர், அப்புறம் கொஞ்ச மாசம் லார்ட் சான்சலர், நீதித்துறைக்குப் பொறுப்பான மந்திரி. நடிகர் நைஜல் ஹேவர்ஸ் இவங்க அண்ணன் மகன். கணவர் ஜோசப் பட்லர்-ஸ்லாஸும் வக்கீல்தான். வீட்ல சாப்பாட்டு மேசைல கூட சட்டம்தான் பேசிருப்பாங்க போல.

அதனால ஏழை வீட்டுப் பொண்ணு போராடி வந்த கதை இது கெடையாது, அப்படி யாராச்சும் எழுதினா நம்பாதீங்க. ஆனா அந்தக் குடும்பத்துலயும் ஒரு பாரம் இருந்துச்சு. இங்கிலாந்துல கடைசியா தூக்குல போடப்பட்ட பொம்பள ரூத் எல்லிஸ், 1955 ஜூலை 13 அன்னைக்கு. அவங்களுக்கு தண்டனை விதிச்ச ஜட்ஜ் இந்த செசில் ஹேவர்ஸ்தான். மக பாரிஸ்டர் ஆன அதே வருஷம். கொலைன்னு ஜூரி சொல்லிட்டா அந்தக் காலத்துல ஜட்ஜுக்கு வேற வழியே கெடையாது, தூக்குன்னுதான் சொல்லியாகணும். அந்த ஜட்ஜோட 21 வயசு மக மனசுல என்ன ஓடிருக்கும்னு நான் கற்பனை பண்ணி எழுத விரும்பல.

நடுவுல 1959ல கன்சர்வேட்டிவ் கட்சி சார்பா லண்டன் வாக்ஸ்ஹால் தொகுதில எலெக்‌ஷன்ல நின்னு தோத்தாங்க. அது ஒரு சின்ன எபிசோடு, அவ்ளோதான்.

ஃபேமிலி டிவிஷன்னா டைவர்ஸ் கோர்ட்தானே?

டைவர்ஸ் அதுல ஒரு பகுதி. 1971 வரைக்கும் இந்தப் பிரிவுக்குப் பேரே வேற: உயில், விவாகரத்து, கப்பல் வழக்கு மூணும் ஒரே கூரைக்குக் கீழ. கேட்டா சிரிப்பு வரும், ஆனா காரணம் இருக்கு, மூணும் பழைய ரோமன் சட்டம், சர்ச் சட்டம் வழியா வந்த வழக்குங்க, பொதுவான இங்கிலீஷ் சட்டம் வழியா வந்தது இல்ல, அதனால 19ம் நூற்றாண்டுல கோர்ட்டெல்லாம் மாத்தி அமைச்சப்போ இந்த மூணையும் ஒரு மூட்டையா கட்டிட்டாங்க. 1971ல கப்பல பிரிச்சு குவீன்ஸ் பெஞ்சுக்கு அனுப்பி, தகராறு உள்ள உயில் வழக்க சான்சரிக்கு அனுப்பி, மிச்சத்துக்கு ஃபேமிலி டிவிஷன்னு பேரு வெச்சாங்க.

இப்போ அங்க என்ன வருது? கொழந்தைய அரசாங்கம் பெத்தவங்க கிட்ட இருந்து எடுக்கலாமா, அப்பா அம்மா பிரிஞ்சா கொழந்தை யார்கிட்ட இருக்கணும், ஒருத்தர் கொழந்தைய தூக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டா திருப்பி அனுப்பணுமா, கோடிக்கணக்குல சொத்து உள்ள தம்பதி பிரிஞ்சா யாருக்கு எவ்ளோ. இதுக்கெல்லாம் மேல, சுயமா முடிவெடுக்க முடியாத நோயாளிக்கு ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா, மெஷின நிறுத்தலாமா கூடாதான்ற வழக்கும் இங்கதான் வந்துச்சு.

ரெஜிஸ்ட்ரார்னா ஆபீஸ் கிளார்க் மாதிரியா?

இல்லல்ல. 1970ல லண்டன் சோமர்செட் ஹவுஸ்ல இருந்த டைவர்ஸ் ரெஜிஸ்ட்ரில இவங்க ரெஜிஸ்ட்ரார் ஆனாங்க, அது கீழ்நிலை ஜட்ஜ் வேலைதான். 1991ல அந்தப் பதவிக்கு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்னு பேர மாத்திட்டாங்க. ஜீவனாம்சம், வீடு யாருக்கு, பள்ளிக்கூட பீஸ் யார் கட்டணும், இந்த மாதிரி அன்றாட சண்டை எல்லாம் அங்கதான் தீரும்.

அவங்க போன நேரத்தப் பாருங்க. புது விவாகரத்து சட்டம் 1971 ஜனவரி 1ல அமலுக்கு வந்துச்சு, ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தத்த நிரூபிச்சாதான் டைவர்ஸ்ன்ற நெலமை தளர்ந்து, கல்யாணம் மீட்க முடியாம முறிஞ்சு போச்சான்றதுதான் கேள்வின்னு ஆச்சு. வழக்கு குவிஞ்சிடுச்சு. ஒன்பது வருஷம் தினமும் முறிஞ்ச குடும்பங்கள எதிர்ல உக்கார வெச்சு கேட்டவங்க, மூணு கொழந்தைக்கு அம்மா வேற. 1979ல ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனப்போ பொம்பள ஜட்ஜ்ல இவங்க நாலாவது ஆளு: 1965ல எலிசபெத் லேன், 1974ல ரோஸ் ஹைல்ப்ரான், 1979ல மார்கரெட் பூத், அடுத்து இவங்க.

பொம்பள ஜட்ஜ "லார்ட்"னு கூப்பிட்டாங்களாமே?

ஆமாங்க. 1988ல அப்பீல் கோர்ட்டுக்குப் போனப்போ சட்டத்துல அந்தப் பதவிக்கு இருந்த பேரு லார்ட் ஜஸ்டிஸ் மட்டும்தான், பொம்பள வருவாங்கன்னு எழுதினவங்க யோசிக்கவே இல்ல. அதனால ஆவணத்துல எல்லாம் லார்ட் ஜஸ்டிஸ் பட்லர்-ஸ்லாஸ். 1994ல மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸா, அதாவது அப்பீல் கோர்ட் சிவில் பிரிவுத் தலைவரா இருந்த சர் தாமஸ் பிங்ஹம், லேடி ஜஸ்டிஸ்னே கூப்பிடலாம்னு சொன்னார். சட்டப் புத்தகத்துல எழுத்து மாற 2003 ஆச்சு. அதுக்குள்ள ரெண்டாவதா பிரெண்டா ஹேல் 1999ல அங்க வந்து சேந்துட்டாங்க, அதாவது பதினோரு வருஷம் அப்பீல் கோர்ட்ல பொம்பளன்னா இவங்க ஒருத்தர்தான்.

கிளீவ்லேண்ட் விவகாரம்னா என்ன?

இங்கதான் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இவங்க பேரு நாடு பூரா தெரிஞ்சது இதுலதான்.

வடகிழக்கு இங்கிலாந்துல மிடில்ஸ்பரோ ஊரு, அப்போ கிளீவ்லேண்ட் கவுண்டில இருந்துச்சு. 1987ல அந்த ஊரு ஆஸ்பத்திரில ரெண்டு கொழந்தை டாக்டருங்க, மரியெட்டா ஹிக்ஸ், ஜெஃப்ரி வயட், சில மாசத்துக்குள்ள 121 கொழந்தைங்கள பாலியல் கொடுமைக்கு ஆளானவங்கன்னு சொல்லிட்டாங்க. வேற எதுக்கோ காட்ட வந்த கொழந்தைங்களும் அதுல இருந்தாங்க. டாக்டருங்க கவனிச்ச முக்கியமான அறிகுறி, ஆசனவாய்ப் பகுதில தெரியுற ஒரு உடல் மாற்றம், லீட்ஸ் நகரத்து டாக்டருங்க ரெண்டு பேர் 1986ல ஒரு மெடிக்கல் ஜர்னல்ல எழுதினது. அத மட்டுமே வெச்சு முடிவு பண்ணல, ஆனா அதுக்கு ரொம்ப அதிக எடை குடுத்துட்டாங்க.

சோஷியல் சர்வீஸ் ஆளுங்க உடனே மாஜிஸ்ட்ரேட் கிட்ட போய் ஆர்டர் வாங்கிடுவாங்க, பெத்தவங்க தரப்ப கேக்காமலேயே வாங்கலாம், 28 நாள் வரைக்கும் கொழந்தைய பிரிச்சு வெக்கலாம். ஆஸ்பத்திரி வார்டு நெறஞ்சு வழிஞ்சது. போலீஸ் டாக்டருக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் சண்டை, போலீஸுக்கும் சோஷியல் சர்வீஸுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, ஒரு கொழந்தையவே திரும்பத் திரும்ப பரிசோதனை பண்ணாங்க. பெத்தவங்க கொதிச்சு எழுந்தாங்க, உள்ளூர் எம்.பி. ஸ்டூவர்ட் பெல் அவங்க பக்கம் நின்னார், பத்திரிகைங்க தலைப்புல ரத்தம் கொதிச்சுது. 1987 ஜூலைல அரசாங்கம் விசாரணை அறிவிச்சு இவங்கள போட்டுச்சு. ஒரு வருஷத்துல, 1988 ஜூலைல, ரிப்போர்ட் வந்துடுச்சு. விசாரணை கமிஷன்னாலே பத்து வருஷம்னு பழகின நமக்கு இது ஆச்சரியமா இருக்கும்.

சரி, கடைசில டாக்டர் தப்பா பெத்தவங்க தப்பா?

எல்லாரும் கேக்குற கேள்வி இது. அந்த ரிப்போர்ட் இதுக்கு பதில் சொல்லல, சொல்லாததுதான் அதோட பெருமைன்னு நான் நெனைக்கிறேன்.

எந்தக் கொழந்தைக்கு கொடுமை நடந்துச்சு, எதுக்கு நடக்கலன்னு தனித்தனியா தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல, அது அந்தந்த வழக்கு நடக்குற கோர்ட்டு வேலைன்னு ஒதுங்கிட்டாங்க. ரிப்போர்ட் வந்தப்போ 121ல 98 கொழந்தைங்க வீட்டுக்குத் திரும்பிருந்தாங்க, அத வெச்சு "பாத்தீங்களா, எல்லாம் பொய்"னு சொன்னவங்க உண்டு, ஆனா வீட்டுக்குத் திரும்பினதும் கொடுமை நடக்கலன்றதும் ஒண்ணு கெடையாது. அந்த உடல் அறிகுறி பத்தி அவங்க எழுதினது: சந்தேகப்பட வேண்டிய அறிகுறிதான், மேற்கொண்டு பாக்கணும், ஆனா அது தனியா நின்னு சாட்சி ஆகாது. டாக்டருங்க அவசரப்பட்டாங்க, அளவுக்கு மீறி உறுதியா இருந்தாங்கன்னு கண்டிச்சாங்க. கொழந்தைங்க மேல பாலியல் கொடுமை நடக்குறது உண்மை, அது சமூகம் ஒத்துக்கறத விட அதிகம்னும் அதே ரிப்போர்ட்ல எழுதினாங்க. ரெண்டு பக்கமும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாதிய மட்டும் இன்னைக்கும் மேற்கோள் காட்டிட்டு இருக்காங்க.

அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி இங்கிலாந்துல சோஷியல் வொர்க் படிக்கிற ஒவ்வொருத்தருக்கும் மனப்பாடம்: கொழந்தை ஒரு மனுஷன், நம்ம கவலைக்கான பொருள் கெடையாது. கொழந்தைய காப்பாத்துறேன்னு ஓடுற ஓட்டத்துல அந்தக் கொழந்தையவே மறந்துடுவோம்ன்ற எச்சரிக்கைதான் அது. பெரியவங்க எல்லாம் சத்தம் போட்டுட்டு இருந்தப்ப, நடு ராத்திரில எழுப்பி பரிசோதனைக்கு கூட்டிட்டுப் போன கொழந்தை கிட்ட யாரும் என்ன நடக்குதுன்னு சொல்லல. அத எழுத்துல வெச்சவங்க இவங்க.

ரிப்போர்ட்டால ஏதாச்சும் மாறிச்சா, இல்ல அலமாரில தூங்கிச்சா?

மாறிச்சு. 1989ல சில்ட்ரன் ஆக்ட் வந்துச்சு, 1991 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. அந்தச் சட்டத்துக்கான வேலை முன்னாடியே லா கமிஷன்ல நடந்துட்டு இருந்துச்சு, பிரெண்டா ஹேல் அதுல முக்கியமான ஆளு, அதனால எல்லா பெருமையும் கிளீவ்லேண்டுக்கே குடுக்கக் கூடாது. ஆனா அந்த 28 நாள் ஆர்டர் போச்சு, பதிலா அவசர பாதுகாப்பு ஆர்டர் வந்துச்சு, எட்டு நாள், தேவைப்பட்டா இன்னும் ஏழு நாள், பெத்தவங்க கோர்ட்டுக்கு வந்து எதிர்க்கலாம். டாக்டர், போலீஸ், சோஷியல் சர்வீஸ் மூணு பேரும் சேந்துதான் விசாரிக்கணும்ன்ற வழிமுறையும் வந்துச்சு.

பிரசிடென்ட் ஆனப்புறம் எடுத்த பெரிய முடிவு எது?

ரெண்ட சொல்றேன். முதல்ல 2001 ஜனவரி. லிவர்பூல் பக்கத்துல 1993ல ஜேம்ஸ் பல்ஜர்னு ரெண்டு வயசுக் கொழந்தைய பத்து வயசு பசங்க ரெண்டு பேர், வெனபிள்ஸ், தாம்ப்சன், கடத்திட்டுப் போய் கொன்னாங்க. நாடே இன்னும் மறக்காத வழக்கு. அவங்களுக்கு 18 வயசு ஆயிடுச்சு, வெளிய வரப் போறாங்க, புதுப் பேரு புது அடையாளம். பத்திரிகைங்க எழுதலாமா? கூடவே கூடாது, ஆயுசுக்கும் கூடாதுன்னு எல்லாருக்கும் தடை போட்டாங்க. கண்டுபிடிச்சா கொன்னுடுவாங்கன்ற பயம் நெஜமானதுன்றதுதான் காரணம். ஜனங்க திட்டினாங்க, பத்திரிகைங்க திட்டினாங்க. சின்ன வயசுல ரெண்டு கொழந்தைங்கள கொன்ன மேரி பெல் வழக்குலயும், 2003ல, அவங்களுக்கும் அவங்க மகளுக்கும் அதே மாதிரி ஆயுள் தடை குடுத்தாங்க.

ரெண்டாவது மிஸ் பி. இது தனியா சொல்ல வேண்டியது.

மிஸ் பி வழக்கு என்ன?

43 வயசு பொம்பள, நெஜப் பேர மறைச்சு கோர்ட்ல மிஸ் பின்னு கூப்பிட்டாங்க, சமூகப் பணித் துறைல பொறுப்பான வேலைல இருந்தவங்க. கழுத்துப் பக்கம் முதுகுத்தண்டுல ரத்தக்கசிவு, 2001ல கழுத்துக்குக் கீழ எதுவும் அசையல, வென்டிலேட்டர்லதான் மூச்சு. புத்தி தெளிவா இருக்கு, பேச முடியுது. மெஷின நிறுத்துங்கன்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரி டாக்டருங்க மனசு வரல. மாசக்கணக்கா பாத்துக்கிட்ட ஆளு, எப்படி நிறுத்துறதுன்னு. கொஞ்சம் கொஞ்சமா மெஷின குறைக்கிற ஒரு வழி சொன்னாங்க, அவங்க வேண்டாம்னுட்டாங்க.

2002 மார்ச். நோயாளி கோர்ட்டுக்கு வர முடியாது, அதனால ஜட்ஜ் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து சாட்சியம் கேட்டாங்க, கோர்ட் ரூமுக்கு வீடியோ இணைப்பு. அப்போ ஜட்ஜுக்கு வயசு 68. தீர்ப்ப படிச்சா அந்த நோயாளி மேல அவங்களுக்கு எவ்ளோ மரியாதை வந்துச்சுன்னு வரிக்கு வரி தெரியும், அதே சமயம் டாக்டருங்கள வில்லனாக்கவும் இல்ல.

முடிவு: மிஸ் பிக்கு முடிவெடுக்குற தெளிவு இருக்கு, அப்போ விருப்பம் இல்லாம மெஷின்ல வெச்சிருந்தது சட்டப்படி தப்பு. நஷ்ட ஈடு 100 பவுண்டு, அடையாளத்துக்கு. டாக்டருங்க பண்ண தப்பு என்னன்னு அவங்க பிரிச்சு காட்டுன இடம்தான் இன்னைக்கும் படிக்கிறாங்க: நோயாளி எடுத்த முடிவு நமக்குப் பிடிக்கலன்றதையும் நோயாளிக்கு முடிவெடுக்கத் தெரியலன்றதையும் ஒண்ணா போட்டுக் குழப்பாதீங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க, அடுத்த மாசம் மிஸ் பி தூக்கத்துலயே இறந்துட்டாங்க.

இந்தக் கோணத்துல அவங்க ஏற்கனவே நடந்திருக்காங்க. 1997ல ஊசின்னா பயந்து நடுங்குற ஒரு கர்ப்பிணி வழக்கு, தெளிவான புத்தி உள்ள பொம்பள சிசேரியன வேண்டாம்னு சொன்னா, காரணமே சொல்லலன்னாலும், கொழந்தையே செத்துப் போயிடும்னாலும், கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு எழுதினாங்க. அந்த நோயாளி விஷயத்துல மட்டும் பயம் அந்த நேரத்துக்கு புத்திய மறைச்சிடுச்சுன்னு ஆபரேஷன அனுமதிச்சாங்க.

எல்லா தீர்ப்பும் சரியா? தப்பா தெரியுறது எதுவும் இல்லையா?

இருக்கு. 1996ல கல்லீரல் கோளாறோட பொறந்த ஒரு கொழந்தை, மாற்று கல்லீரல் வெச்சா பொழைக்க நல்ல வாய்ப்புன்னு டாக்டருங்க ஒரே குரல்ல சொல்றாங்க, அம்மா வேண்டாம்ன்றாங்க, அப்பா அம்மா ரெண்டு பேருமே மருத்துவத் துறை ஆளுங்க, வெளிநாட்டுல இருக்காங்க. அப்பீல் கோர்ட் அம்மா பக்கம் சாஞ்சுது. அம்மாவையும் கொழந்தையவும் இந்த வழக்குக்கு ஒண்ணாதான் பாக்கணும்னு இவங்க எழுதினாங்க. கிளீவ்லேண்ட்ல கொழந்தைய தனி மனுஷனா பாருங்கன்னு சொன்னவங்க இங்க அம்மாவோட ஒட்டிட்டாங்களேன்னு எனக்கு நெருடுது. சட்டம் படிச்சவங்களும் ரொம்ப விமர்சனம் பண்ண தீர்ப்பு இது.

இன்னொண்ணு 2001. ஒரு திருநங்கை, 1981ல கல்யாணம் பண்ணி இருவது வருஷமா ஒருத்தரோட மனைவியா வாழ்ந்தவங்க, அந்தக் கல்யாணம் செல்லும்னு சொல்லுங்கன்னு கேட்டாங்க. செல்லாது, இத மாத்துறது பார்லிமென்ட் வேலைன்னு பெரும்பான்மை தீர்ப்பு குடுத்தவங்கள்ல இவங்களும் ஒருத்தர். கூட இருந்த ஜட்ஜ் தார்ப் மட்டும் மாத்தி எழுதினார். 2003ல, அப்போ நாட்டோட உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸும் செல்லாதுன்னேதான் சொல்லிச்சு, ஆனா அப்போ இருந்த சட்டம் மனித உரிமைக்கு முரணா இருக்குன்னும் அறிவிச்சுது, 2004ல சட்டம் மாறிச்சு. எச்சரிக்கையான ஜட்ஜுங்கறதுக்கு இது ஒரு விலை.

அப்பாக்களுக்கு எதிரானவங்கன்னு சொல்றாங்களே?

2000ல நாலு அப்பாக்களோட அப்பீல ஒண்ணா சேத்து கேட்டாங்க, நாலுமே வீட்டுல அடிதடி நடந்த குடும்பம். அதுக்கு முன்னாடி கோர்ட்டுங்க "அம்மாவத்தானே அடிச்சான், கொழந்தைய ஒண்ணும் பண்ணலையே"ன்னு லேசா விட்டுடும். ரெண்டு கொழந்தை மனநல டாக்டருங்க கிட்ட ரிப்போர்ட் வாங்கி, அம்மா அடி வாங்குறத பாத்து வளர்றதே கொழந்தைக்குக் காயம்தான்னு இவங்க தீர்ப்புல ஏத்தினாங்க. ஆனா அடிச்ச அப்பா கொழந்தைய பாக்கவே கூடாதுன்னு ஒரு பொது விதி போட மறுத்துட்டாங்க, ஒவ்வொரு வழக்கா பாருங்கன்னுட்டாங்க. அதனால அப்பாங்க சங்கமும் திட்டுச்சு, பாதிக்கப்பட்ட பொம்பளங்க பக்கம் நின்னவங்களும் போதலன்னாங்க.

மெடிக்கல் சாட்சியம் பத்தி ஏதோ புகழ்பெற்ற வரி உண்டாமே?

2004ல. கொழந்தைங்க திடீர்னு எறந்து போனதுக்கு அம்மாவ கொலைகாரின்னு ஜெயில்ல போட்டது தப்புன்னு ஏஞ்செலா கேனிங்ஸ் வழக்குல கிரிமினல் அப்பீல் கோர்ட் சொன்ன நேரம் அது. அப்போ கொழந்தைய பிரிக்கிற ஃபேமிலி வழக்கெல்லாம் திருப்பி தோண்டணுமான்னு கேள்வி வந்துச்சு. அப்படி மொத்தமா தோண்ட வேண்டாம், ரெண்டு கோர்ட்டோட அளவுகோலும் வேறன்னாங்க, கூடவே எச்சரிச்சாங்க: இன்னைக்கு டாக்டருங்க சத்தியம் பண்ணிச் சொல்றத அடுத்த தலைமுறை டாக்டருங்க தூக்கிப் போடலாம், அத ஜட்ஜ் மறக்கவே கூடாது. மிடில்ஸ்பரோல மாசக்கணக்கா உக்காந்து கேட்டவங்க கையால வந்த வரின்னு தெரிஞ்சு படிச்சா அதோட கனமே வேற.

டயானா விசாரணைல என்ன ஆச்சு?

2005ல ரிட்டயர் ஆகி, 2006ல பிரபுக்கள் சபைக்குப் போனாங்க, எந்தக் கட்சியும் சேராத உறுப்பினரா. அதே 2006ல டயானா, அவங்களோட அதே கார் விபத்துல செத்த டோடி அல்ஃபாயித், ரெண்டு பேர் சாவு விசாரணைய அவங்க கிட்ட குடுத்தாங்க. ஜூரி இல்லாம நானே கேக்குறேன்னாங்க. 2007 மார்ச்ல மேல்கோர்ட் அது செல்லாது, ஜூரி வேணும்னுடுச்சு. ஜூரிய வெச்சு நடத்துற அனுபவம் எனக்குப் போதாதுன்னு வெளிப்படையா சொல்லிட்டு விலகிட்டாங்க. ஃபேமிலி கோர்ட்ல ஜூரி கெடையாது, அதனால அது உண்மையும்தான். லார்ட் ஜஸ்டிஸ் ஸ்காட் பேக்கர் எடுத்து முடிச்சார். அனுபவம் இல்லன்னு ஒத்துக்கிட்டது நல்லதுதான், ஆனா அத பொறுப்பு ஏத்துக்கறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கலாம்.

2014ல ஆறு நாள்ல ஏன் விலகினாங்க?

பெரிய நிறுவனங்கள்ல கொழந்தைங்க மேல நடந்த பாலியல் கொடுமைய மூடி மறைச்சாங்களான்னு விசாரிக்க 2014 ஜூலை 8 அன்னைக்கு உள்துறை மந்திரி தெரசா மே இவங்கள அறிவிச்சாங்க. கிளீவ்லேண்ட் பண்ணவங்க, வேற யாரு பொருத்தம்னு நெனச்சிருப்பாங்க. ஆனா விசாரிக்க வேண்டிய காலத்துல, 1980கள்ல, அட்டர்னி ஜெனரலா இருந்தது இவங்க அண்ணன். அண்ணன் எடுத்த முடிவ தங்கச்சி எப்படி விசாரிப்பாங்கன்னு பாதிக்கப்பட்டவங்க கேட்டாங்க. கேக்காம எப்படி? போதாக்குறைக்கு 2011ல சர்ச்சுக்காக சிச்செஸ்டர் மறைமாவட்டம் பத்தி குடுத்த ரிப்போர்ட்ல பிழை இருந்து திருத்தம் குடுக்க வேண்டி வந்ததும் பேசப்பட்டுச்சு. 14ம் தேதி விலகிட்டாங்க.

அவங்க நேர்மைய நான் சந்தேகப்படல. ஆனா நியாயம் நடந்தா மட்டும் போதாது, நடக்குதுன்னு தெரியவும் செய்யணும்ன்றது அவங்க ஆயுசு பூரா மத்தவங்களுக்கு சொன்ன பாடம். அடுத்து வந்த ஃபியோனா வுல்ஃபும் விலகினாங்க, அதுக்கடுத்து நியூசிலாந்து ஜட்ஜ் லோவெல் காடர்டும் விலகினாங்க, கடைசில அலெக்சிஸ் ஜே முடிச்சு 2022 அக்டோபர்லதான் கடைசி ரிப்போர்ட் வந்துச்சு.

ரிட்டயர் ஆனப்புறம் வேற என்ன?

மனிதக் கடத்தல், அடிமை முறை பத்தி எம்.பி. ஃப்ராங்க் ஃபீல்டோட சேந்து வேலை பாத்தாங்க, அது 2015ல வந்த நவீன அடிமை முறை சட்டத்துக்கு வழி போட்டுச்சு. பிரிட்டன்ல மதமும் பொது வாழ்க்கையும் பத்தின ஒரு கமிஷனுக்குத் தலைவரா இருந்து 2015ல ரிப்போர்ட் குடுத்தாங்க. 1993ல இருந்து 2011 வரைக்கும் வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து யூனிவர்சிட்டிக்கு சான்சலர், அதாவது டிகிரி வாங்காதவங்க கையால ஆயிரக்கணக்கான பசங்க டிகிரி வாங்கினாங்க.

மிஸ் பி தீர்ப்பு குடுத்தவங்க கருணைக்கொலை சட்டத்த எதிர்க்குறாங்களாமே, முரணா இல்லையா?

பிரபுக்கள் சபைல அந்த மசோதாக்கள எதிர்த்து பேசினாங்க, உண்மைதான். முதல்ல எனக்கும் முரணாத்தான் பட்டுச்சு. ஆனா ரெண்டும் வேற. மிஸ் பி கேட்டது, என் உடம்புல நீங்க பண்ற வைத்தியத்த நிறுத்துங்கன்னு. அவங்கள யாரும் கொல்லல, தொடாதன்னு சொன்னாங்க, தொடக் கூடாது, அவ்ளோதான் சட்டம். சாகுறதுக்கு டாக்டர் மருந்து குடுக்கலாம்னு சட்டம் போட்டா, வீட்டுல பாரமா இருக்கோம்னு நெனைக்கிற வயசானவங்க, உடம்பு முடியாதவங்க மேல சத்தமில்லாம அழுத்தம் வரும்ன்றது அவங்க பயம்.

இதுல அவங்க சொல்றதுக்கு நான் முழுசா ஒத்துக்கல. ஆனா அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்து கேட்டவங்க சொல்றாங்கன்றதால சட்டுனு தள்ளிட்டுப் போகவும் முடியல.